மானுக்குக் கொடுப்பதா, படலையைச் சாத்துவதா?

திருகோணமலை

அன்புள்ள மச்சான்,

உன் கடிதம் கிடைத்தது. முழங்கால் சத்திரசிகிச்சை நல்லபடியாக முடிந்ததில் சந்தோஷம். நாங்களும் சுகம். கச்சான் காற்று தொடங்கிவிட்டது; பகலில் வெளியே தலை காட்ட முடியவில்லை. கிணற்றிலும் தண்ணீர் கீழே போய்விட்டது.

ஆகஸ்டில் பேரப்பிள்ளைகளோடு வருவதாகவும், மானுக்குத் தீன் கொடுக்க வேண்டும் என்று சின்னவள் இப்போதே அடம்பிடிப்பதாகவும் எழுதியிருந்தாய். என்ன வாங்கி வைக்கலாம் என்று கேட்கிறாய். ஒன்றும் வாங்க வேண்டாம், மச்சான்.

நம் இளமையில் மான் பார்க்க வேண்டுமென்றால் பிரெட்ரிக் கோட்டைக்குள் போவோம், கோணேசர் கோயிலுக்கு ஏறும் வழியில் நிற்கும். இப்போது பஸ் நிலையத்தடியிலும் கடற்கரையிலும் கடைத்தெருவிலும் நிற்கிறது. இரவில் நடுரோட்டில் படுத்து அசைபோடும். ஆட்டோக்காரர் ஹோர்ன்கூட அடிக்காமல் சுற்றிக்கொண்டு போவார். சிறுத்தை இல்லாத ஊர், அதுகளுக்கு என்ன பயம்? தெருநாய்கள் குட்டிகளைக் குதறுவதுதான் ஆபத்து.

இந்த வறட்சியில் புல் கருகிப்போக, வளவுகளுக்குள் வரத் தொடங்கிவிட்டன. என் பயிற்றங்காய்க் கொடி, பசளி, செவ்வரத்தைக் குருத்து எல்லாம் ஒரே இரவில் போய்விட்டது. கறிவேப்பிலையையும் சேரைப் புல்லையும் தொடவில்லை, அந்த வாசம் பிடிக்காதாக்கும். தின்பதோடு விட்டாலும் பரவாயில்லை. ஆண்மான் புதுக்கொம்பின் தோலை உரிக்க இளமரத்தில் உரசும். கொய்யாக் கன்றின் பட்டை சுற்றிவரக் கிழிந்து கிடக்கிறது. அது இனிப் பிழைக்காது.

நான் இப்படிப் புலம்ப, உன் தங்கச்சி என்ன செய்கிறாள் தெரியுமா? பலாப்பழச் சடையையும் மிஞ்சிய பாணையும் படலையடியில் கொண்டுபோய் வைக்கிறாள். கேட்டால், “கோணேசர் கையில் இருக்கிற மான், அதுக்குக் குடுக்கிறது புண்ணியம்” என்கிறாள். சிவன் கையில் ஏந்தியிருக்கிறார், சரி. பாண் கொடுத்ததாக எந்தப் புராணத்திலும் இல்லையே! மூன்று நாள் பேச்சுவார்த்தை இல்லை.

ஆனால் பாண் விஷயத்தில் நான் விட்டுக்கொடுக்கப் போவதில்லை. மானும் மாட்டைப்போல அசைபோடுகிற சாதி. அதன் முதல் இரைப்பையில் இருக்கிற நுண்ணுயிர்கள் புல்லையும் இலையையும் மெதுவாகப் புளிக்கவைத்துத்தான் அதற்குச் சத்தாக்குகின்றன. பாணும் சோறும் திடீரென்று நிறையப் போனால் வேகமாகப் புளித்து அமிலம் ஏறும். வயிறு ஊதும், தீன் எடுக்காது, கூடிப்போனால் செத்தும்போகும். நாம் அன்பாகக் கொடுக்கிறோம் என்பது இரைப்பைக்குத் தெரியாது.

அதைவிடக் கொடுமை சொப்பிங் பை. கோயிலுக்கு வருகிறவர்கள் பழத்தைப் பையோடு நீட்டுகிறார்கள், பாதியை அங்கேயே போட்டுவிட்டுப் போகிறார்கள். சாப்பாட்டு மணமும் உப்பும் ஒட்டிய லஞ்ச் சீற்றை, அந்தச் சோறு சுற்றுகிற பொலித்தீனை, மான் அப்படியே விழுங்கும். அது செரிக்காது, கீழேயும் போகாது. இரைப்பையிலேயே கட்டியாகத் திரண்டு நிற்கும். வயிறு நிறைந்த மாதிரி இருந்துகொண்டே அது மெலிந்து சாகும். கையில் வாங்கிப் பழகின மான்தான் குப்பைத்தொட்டிக்கும் முதலில் வருகிறது என்பது என் எண்ணம். மனிதர் பக்கம் போனால் சாப்பாடு என்று நாமே படிப்பித்துவிட்டோம். கொம்பு முற்றிய ஆண்மான் பையைப் பார்த்துப் பாய்ந்தால் சின்னவளின் முகம் சரியாக அதன் கொம்பு உயரத்தில்தான் இருக்கும், அதையும் யோசி.

பக்கத்து வளவுக்காரர் வெடி கொளுத்தித் துரத்தலாம் என்கிறார். எனக்கு அதிலும் சம்மதம் இல்லை. வெருண்டு ஓடுகிற மான் நேரே ரோட்டில்தான் விழும். அடிப்பது, பிடிப்பது பற்றிப் பேசவே வேண்டாம், 1937ஆம் ஆண்டிலிருந்தே அதற்கெல்லாம் சட்டம் இருக்கிறது. பழைய மீன்வலையைச் செடிக்கு மேலே போடுகிறவர்களும் உண்டு; நைலோன் கொம்பில் சிக்கி, உதற உதற இறுகும். முள்ளுக்கம்பியும் அப்படித்தான், பாயும்போது வயிற்றைக் கிழித்துவிடும்.

நான் கடைசியில் பழைய கிடுகு வேலிக்கே திரும்பிவிட்டேன். ஆறடிக்கும் மேலே, கீழே இடைவெளி விடாமல், பூவரசங் கதியாலில் கட்டியிருக்கிறேன். மறுபக்கம் எங்கே விழுவோம் என்று தெரியாவிட்டால் மான் பாயத் தயங்கும். கம்பிவேலியில் எல்லாம் தெரிகிறது, கிடுகில் தெரியாது. அம்மா காலத்தில் மறைப்புக்குக் கட்டின வேலி இப்போது மானுக்கும் உதவுகிறது. கிடுகு விலைதான் நெஞ்சை அடைக்கிறது.

வேலிக்கு வெளியே ஒரு பழைய தாச்சியில் தண்ணீர் மட்டும் வைக்கிறேன். அதுவும் பழக்கிவிடுகிற வேலைதான் என்று நீ வாதாடலாம். வாதாடு. இந்த வெயிலில் நாக்கு வறண்டு நிற்கிறதைப் பார்த்துக்கொண்டு படலையைச் சாத்த என்னால் முடியாது. ஒன்றுவிட்ட ஒரு நாள் கழுவி மாற்றுகிறேன், இல்லாவிட்டால் நுளம்பு பெருகும்.

சின்னவளைக் காலை ஆறரைக்குக் கோட்டைக்குள் கூட்டிப்போவோம். வெயில் ஏறமுன் மான்கள் கூட்டமாக நின்று மேயும், குட்டிகளும் நிற்கும். கொஞ்சம் தள்ளி நின்று பார்க்கட்டும், உன் போனில் படமும் எடுக்கட்டும். வாழைப்பழம் வாங்கினால் நாங்கள் சாப்பிடலாம்.

டிக்கெட் எடுத்ததும் திகதியை அறிவி. கொழும்பிலிருந்து இரவு ரயிலில் வருவதென்றால் ஸ்டேஷனுக்கு நான் வருகிறேன். வரும்போது என் மனுசிக்கு அந்தப் பாண் விஷயத்தை நீயே ஒருக்கால் எடுத்துச் சொல்லு, அண்ணன் சொன்னால் கேட்பாள்.

அன்புடன்,
உன் மச்சான்