வாக்களிக்க ஆகும் செலவு

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தேர்தல் முடிந்ததும் வாக்குப்பதிவு குறைந்த தொகுதிகளைச் சுட்டிக்காட்டி, நகரவாசிகளின் அலட்சியமே காரணம் என்று எழுதுவது வழக்கமாகிவிட்டது. 2024 மக்களவைத் தேர்தலில் தருமபுரியில் 81 விழுக்காட்டுக்கு மேலும், மத்திய சென்னையில் 54 விழுக்காட்டுக்குச் சற்றுக் குறைவாகவும் வாக்குகள் பதிவானபோதும் இந்த விளக்கமே மேலோங்கி நின்றது. அலட்சியம் அறவே இல்லை என்று நான் வாதிட வரவில்லை. ஆனால், வாக்களிக்கப் பணச் செலவும் கூலி இழப்பும் உண்டு என்பதையும், அது எல்லோருக்கும் ஒரே அளவில் அமைவதில்லை என்பதையும் கணக்கில் கொள்ளாத விளக்கம் முழுமையானதாகாது.

தன் ஒரு வாக்கால் முடிவு மாறுவதற்கான வாய்ப்பு ஏறக்குறைய இல்லை என்னும்போது, சிறு செலவுகூட வாக்காளரைத் தடுத்துவிடும் என்பது பொருளியலார் நெடுங்காலமாகச் சொல்லிவரும் கணக்கு. அப்படியிருந்தும் கோடிக்கணக்கானோர் வாக்களிப்பதற்குக் கடமையுணர்வும் ஊர்ப்பெருமையும் காரணமென்றால், நடந்துபோகும் தொலைவில் வாக்குச்சாவடி இருப்பதும் ஒரு காரணம்தான். திருப்பூரில் பனியன் கம்பெனியில் வேலை செய்துகொண்டு, பெயரை இராமநாதபுரத்துச் சொந்த ஊர் வாக்காளர் பட்டியலில் வைத்திருப்பவரின் நிலை அதுவல்ல. 2024இல் தமிழகத்தில் வாக்குப்பதிவு ஏப்ரல் 19, வெள்ளிக்கிழமை. வியாழன் இரவு பேருந்து ஏறி, வாக்களித்துவிட்டு அன்றிரவே திரும்பினாலும் சனிக்கிழமை வேலைக்குப் போவது கடினம். குடும்பத்தோடு போனால் போக்குவரத்துச் செலவு வேறு. வாரச் சம்பளத்தில் வாழும் வீட்டுக்கு இது சிறிய தொகையன்று.

மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம், 1951இன் 135பி பிரிவு வாக்குப்பதிவு நாளில் ஊதியத்துடன் கூடிய விடுமுறைக்கு வழிசெய்கிறது. அன்றாடக் கூலிக்காரருக்கும் அது பொருந்தும். நல்ல சட்டம்தான். ஆனால் அதை மீறும் முதலாளிக்கு விதிக்கக்கூடிய அபராதத்தின் உச்சவரம்பு 500 ரூபாய். ஒரு நாள் உற்பத்தி நின்றால் ஏற்படும் நட்டத்தோடு ஒப்பிட்டால் இது அபராதம் என்று சொல்லத்தக்க தொகையே அல்ல. விடுமுறை முறையாகக் கிடைத்தாலும் அது அந்த ஒரு நாளுக்கு மட்டுமே. பயணத்துக்கு யாரும் ஈடு தருவதில்லை. வேட்பாளர் வண்டி அமர்த்தி வாக்காளரைச் சாவடிக்கு இலவசமாக அழைத்துவந்தால், அதே சட்டத்தின் 123(5) பிரிவின்படி அது முறைகேடு. அந்தத் தடை சரியானதே. ஆனால் பணம் படைத்த கட்சி செய்யக் கூடாததை அரசும் செய்யாதபோது, வெளியூர்த் தொழிலாளியின் செலவைக் கள்ளத்தனமாக ஏற்பவர்களுக்கே வாய்ப்பு திறக்கிறது. வாக்குக்குப் பணம் கொடுப்பது பற்றிப் பேசும் நாம் இந்த இடைவெளியைப் பற்றி அதிகம் பேசுவதில்லை.

வெளிமாநிலத் தொழிலாளர்களுக்காக, ஒரே சாவடியிலிருந்து 72 தொகுதிகளுக்கு வாக்களிக்க உதவும் தொலைநிலை வாக்குப்பதிவு இயந்திரத்தின் மாதிரியைத் தேர்தல் ஆணையம் 2022 டிசம்பரில் அறிவித்தது. எதிர்க்கட்சிகள் பல அதை ஏற்கவில்லை. அவர்கள் எழுப்பிய ஐயங்களில் நியாயம் உண்டு. ஆனால் மாநிலத்துக்குள்ளேயே இடம்பெயர்ந்தவருக்குப் புதிய இயந்திரம் எதுவும் தேவையில்லை. அவர் குடியிருக்கும் ஊரின் பட்டியலில் பெயர் இருந்தால் போதும்.

அதுதான் நடப்பதில்லை. வாக்காளர் பட்டியலை வீடுவீடாகச் சரிபார்த்த சிறப்புத் தீவிரத் திருத்தத்தின்போது 2025 டிசம்பர் 19 அன்று வெளியான தமிழக வரைவுப் பட்டியலில் நீக்கப்பட்ட சுமார் 97 லட்சம் பெயர்களில், ஏறத்தாழ 66 லட்சம் இடம்பெயர்ந்தோர் என்ற காரணத்தால் நீக்கப்பட்டவை. இப்படிப் பட்டியல் சுருங்கும்போது, கூடுதலாக ஒருவர்கூட வாக்களிக்காமலே வாக்குப்பதிவு விழுக்காடு உயர்ந்துவிடும் என்பதை, அதைக் கொண்டாடுவோர் கவனிக்க வேண்டும். பழைய ஊரில் நீக்கப்பட்டுப் புதிய ஊரில் சேர்க்கப்படாதவர் எந்த விழுக்காட்டிலும் இடம்பெற மாட்டார்.

ஆகவே, திருப்பூர், ஓசூர், திருப்பெரும்புதூர் போன்ற தொழில் நகரங்களில், தேர்தல் இல்லாத காலத்திலும் ஞாயிற்றுக்கிழமைகளில் தொழிற்சாலைப் பகுதிகளிலேயே பெயர் சேர்ப்பு முகாம்கள் நடத்தப்பட வேண்டும். அங்கு வீட்டு உரிமையாளரின் வாடகை ஒப்பந்தத்தைக் கட்டாயமாகக் கேட்கக் கூடாது. தொழிலாளர்கள் வாடகைக்கு வாழும், வரிசையாகக் கட்டிய சிறு லைன் வீடுகளில் ஒப்பந்தம் எழுதும் பழக்கமே அரிது. எழுதித் தரக் கேட்டாலும் உரிமையாளர்கள் சொத்து வரியை எண்ணித் தயங்குகிறார்கள். நிறுவனம் தரும் பணிச் சான்றுடன் வாக்குச்சாவடி நிலை அலுவலரின் நேரடி விசாரணையையும் போதிய ஆதாரமாக ஏற்கலாம்.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர்,
திருப்பூர்.