அம்மிணிக்கு அப்பா எழுதுவது

ஹூஸ்டன்

அன்புள்ள அம்மிணிக்கு,

அப்பா எழுதுகிறேன். நாங்கள் இருவரும் நலம். நீயும் மாப்பிள்ளையும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். அங்கே சியாட்டிலில் மழை விட்டபாடில்லை என்று உங்கம்மா சொன்னாள்.

நான் செய்துகொண்டிருந்த காற்றுத் துப்பாக்கி முடிந்துவிட்டது. போன சனிக்கிழமை சுட்டும் பார்த்தாயிற்று. அதைச் சொல்லத்தான் பேனாவை எடுத்தேன். ஆனால் அதற்கு முன்னால் சொல்ல வேண்டியது ஒன்று இருக்கிறது. நீ சொன்னது சரி, கண்ணு. அதன் காற்றுக் குழாயில் மரை முடியும் இடத்தில் நான் வளையமாக வெட்டிய காடி தப்பு.

தீபாவளி அன்று போனில் நீ என்ன சொன்னாய் என்பது எனக்கு வரிக்கு வரி ஞாபகம் இருக்கிறது. "அப்பா, மரை முடியற இடத்துல காடி போட்டிருக்கீங்க, அங்க சுவர் பாதிதான் மிச்சம். காத்து கசியாம அடைக்கிற ஓ-ரிங் அதுக்கும் வெளியில இருக்குது. அப்போ காடி வரைக்கும் காத்து வருமுங்களே, கனம் பத்தாதுங்கப்பா" என்றாய். நான் உடனே, "நாற்பது வருஷம் லேத் பிடிச்ச கைக்கு நீ கணக்கு சொல்லித் தர்றியா" என்று கத்திவிட்டேன். நீ ஒன்றும் பேசாமல் போனை உங்கம்மாவிடம் கொடுக்கச் சொன்னாய். அதிலிருந்து நான்கு மாதமாக நீ கூப்பிடுவதெல்லாம் அவளைத்தான். உன் மேல் தப்பே இல்லை.

பீளமேட்டில் பம்புக்கு ஷாஃப்ட் கடைந்தபோது பத்து பார் அழுத்தம் என்றாலே நாங்கள் மலைத்துப் பார்ப்போம். பத்து பார் என்றால் நூறு மீட்டர் உயரத்துக்குத் தண்ணீர் ஏறும். இந்தத் துப்பாக்கியில் அடைப்பது 3,000 பி.எஸ்.ஐ. (சதுர இஞ்ச்சுக்கு 3,000 பவுண்டு), கிட்டத்தட்ட 207 பார். மேட்டுப்பாளையத்திலிருந்து ஊட்டி வரைக்கும் ஒரே குழாயில் தண்ணீரை நிறுத்தினால் அடியில் வரும் அழுத்தத்தை விட இது கொஞ்சம் அதிகம். ஒன்றேகால் இஞ்ச் விட்டமுள்ள மூடியை அது ஒன்றரை டன்னுக்கு மேல் எடையோடு வெளியே தள்ளும். இவ்வளவும் எனக்குத் தெரியும். தெரிந்தும் காடியை ஆழமாகப் போட்டேன். பழைய பழக்கம்தான் காரணம். பம்பு வேலையில் மரை வெட்டும் டூல் நின்று திரும்பத் தாராளமாக இடம் விடுவோம், கையும் தானாக அப்படியே செய்துவிட்டது.

ஜனவரியில் குழாயைத் தண்ணீர் டெஸ்டுக்குப் போட்டேன். காற்றை விட்டு நான் ஒருநாளும் முதல் டெஸ்ட் செய்ததில்லை, அது உனக்கே தெரியும். தண்ணீர் சுருங்காது. குழாய் விட்டுக்கொடுத்தால் கொஞ்சம் நீர் பீச்சும், அழுத்தம் அந்த நொடியே விழுந்துவிடும். காற்று அப்படியல்ல, சுருட்டி வைத்த ஸ்பிரிங் மாதிரி. அரை லிட்டருக்கும் குறைவான அந்த இடத்தில் 3,000-க்கு அடைத்த காற்று, ஒரு அம்பாசிடர் காரை ஆள் உயரத்துக்கு மேல் தூக்கும் சக்தியைப் பிடித்து வைத்திருக்கும். வேலை அழுத்தத்தைப் போல் ஒன்றரை மடங்கு, 4,500 வரை ஏற்ற வேண்டும் என்பது என் கணக்கு. கைப்பம்பை அழுத்தி அழுத்தி ஏற்றினேன். 3,000 தாண்டியது. 3,500-ம் தாண்டியது. 4,000-ஐத் தொடப் போகையில் முள் ஏறாமல் நின்றது. நான் அழுத்துகிறேன், அது நகரவில்லை. பிறகு 'சிய்' என்று ஒரு சத்தம். ஷெட் சுவரில் மயிரிழை மாதிரி ஒரு ஈரக்கோடு. அவ்வளவுதான் நடந்தது.

கழற்றித் துடைத்து, விரலால் தடவிப் பார்த்தேன். காடி இருந்த இடத்தைச் சுற்றி ஒரு வளையம் உப்பியிருந்தது, சோளத்தட்டில் கணு இருக்குமே அப்படி. மைக்ரோமீட்டர் வைத்துப் பார்க்க வேண்டிய தேவையே இல்லை, நகத்துக்கே தட்டுப்பட்டது. நீ சொன்ன அதே இடம். ஸ்டூலை இழுத்துப் போட்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். உங்கம்மா காபி கொண்டுவந்து வைத்ததுகூடத் தெரியவில்லை. டெஸ்டைத் தாண்டி ஒருவேளை தப்பியிருந்தால், அந்தக் குழாய்க்கு மேலேதான் என் கன்னம் இருந்திருக்கும். உன் போன் வராமல் போயிருந்தாலும் நான் டெஸ்ட் செய்திருப்பேன் என்பது உண்மைதான். ஆனாலும் அன்று கத்தியதை நினைத்தால் நெஞ்சு சுடுகிறது.

அடுத்த நாளே நீ அனுப்பியிருந்த படத்தைப் பிரித்தேன். தீபாவளிக்கு முந்தின வாரம் நீ மெயிலில் அனுப்பியது, அதுவரை நான் திறந்தே பார்க்கவில்லை. ஓ-ரிங்கை மரைக்கு உள்பக்கம் கொண்டுவந்திருந்தாய். அதனால் காற்று மரைக்கே வராது, மரைக்கு இழுவை மட்டும்தான். காடியை ஆழமில்லாமல் வட்டமாக்கியிருந்தாய், மூலை கூராக இருந்தால் அங்கேதான் வெடிப்பு பிறக்கும் என்று ஓரத்தில் குறிப்பும் எழுதியிருந்தாய். அலுமினியத்துக்குப் பதில் குரோமியமும் மாலிப்டினமும் கலந்த குரோம்-மாலி எஃகு. எடை கூடும்தான், கூடட்டும். அப்படியே கடைந்தேன், என் கைச்சரக்கு எதையும் சேர்க்கவில்லை. 4,500-ல் பத்து நிமிஷம் நிறுத்தினேன், முள் அசையவில்லை. டெஸ்டுக்கு முன்னும் பின்னும் வெளிவிட்டத்தை ஆறு இடத்தில் அளந்தேன். ஓர் இடத்திலும் வித்தியாசம் இல்லை.

பாரல் கதையையும் சொல்கிறேன், அதிலும் ஒரு தடவை சறுக்கினேன். 45 காலிபர், அதாவது சுமார் 0.45 இஞ்ச் வாயுள்ள பாரல், உள்ளே பள்ளம் போட்டே வாங்கியது. 0.454 இஞ்ச் ஈயக்குண்டு ஒரு டப்பா மலிவாகக் கிடைத்ததென்று அதை வைத்து முதல் வாரம் சுட்டேன். வேகமும் இல்லை, குறியும் இல்லை, தாளில் பூசணித்தோட்டம் மாதிரி அங்கொன்றும் இங்கொன்றும். வால்வைத்தான் சந்தேகப்பட்டு இரண்டு நாள் கழற்றி மாட்டினேன். பிறகுதான், முதலிலேயே செய்திருக்க வேண்டியதைச் செய்தேன். கொஞ்சம் பெரிய ஈயக்குண்டு ஒன்றை எண்ணெய் தடவி வாயில் வைத்து, மரக்குச்சியால் மெதுவாகத் தள்ளினேன். முதலில் இறுக்கம். அப்புறம் குச்சி வழியே கைக்கு ஒரே சீரான எதிர்ப்பு தெரிந்தது, வெண்ணெயில் கத்தி போகிற மாதிரி. எங்கும் தளர்வு இல்லை, எங்கும் சிக்கவும் இல்லை. பாரல் சுத்தம் என்று அப்போதே தெரிந்துவிட்டது. மறுமுனையில் விழுந்த குண்டின் மேல் பள்ளங்களின் தடம் சாய்வாக, பளபளவென்று. அளந்தால் 0.457. ஒரு இஞ்ச்சில் ஆயிரத்தில் மூன்று பங்கு சந்து வழியாக என் காற்றெல்லாம் குண்டைத் தாண்டி ஓடிப் போயிருக்கிறது.

உள்ளே எங்கேயும் சாதாரண எண்ணெய் விடவில்லை, பயப்படாதே. பாரலில் தடவியதையும் துடைத்துக் காயவிட்ட பிறகுதான் காற்று அடைத்தேன். அழுத்தத்தில் எண்ணெய் ஆவி தானாகப் பற்றும், டீசல் எஞ்சினில் நடப்பது போலத்தான். ஓ-ரிங்குக்கெல்லாம் சிலிக்கான் கிரீஸ்.

போன சனிக்கிழமை பிரென்ஹம் பக்கம் நண்பர் பண்ணைக்குப் போனோம். முதல் குண்டை நான் கையில் வைத்துச் சுடவில்லை. பழைய டயர் இரண்டில் துப்பாக்கியைக் கட்டி, பாதி அழுத்தம் மட்டும் அடைத்து, விசையில் சணல் கயிறு கட்டி, மண்மேட்டுக்குப் பின்னால் இருந்து இழுத்தேன். நண்பருக்கு இதெல்லாம் அதிகப்படியாகப் பட்டது. அவருக்கு ஒரு பழைய கதை சொன்னேன். உனக்கும் சொல்லியிருக்கிறேனா தெரியவில்லை. 1780 வாக்கிலேயே ஆஸ்திரியப் படையில் கிரார்தோனி என்பவர் செய்த காற்றுத் துப்பாக்கி இருந்தது. பின்கட்டைதான் காற்றுப் பாத்திரம், அதை நிரப்பக் கைப்பம்பில் சுமார் 1,500 தடவை அடிக்க வேண்டும். அந்த வகையில் ஒன்றைத்தான், அமெரிக்காவின் மேற்குக் கரை வரை வழி தேடிப் போன லூயிஸ், கிளார்க் இருவரும் தங்கள் பயணத்தில் கொண்டுபோனார்கள் என்று நம்புகிறார்கள். 1803 ஆகஸ்ட் கடைசியில் பிட்ஸ்பர்க் பக்கத்து ஒரு தீவில் லூயிஸ் அதைச் சுட்டுக் காட்டிவிட்டு, பழக்கமில்லாத ஒருவர் கையில் கொடுத்தார். அது தவறிச் சுட்டு, நாற்பது கஜத்துக்கு அப்பால் நின்ற ஒரு பெண்ணின் நெற்றிப்பொட்டைக் கீறிவிட்டுப் போனது. நல்லவேளை, பெரிய காயமில்லை. லூயிஸே தன் நாட்குறிப்பில் எழுதி வைத்திருக்கிறார். புகையும் இல்லை நெருப்பும் இல்லை என்பதால் ஜனங்கள் இதை விளையாட்டாக நினைக்கிறார்கள் என்றேன். நண்பர் மறுபேச்சில்லாமல் மேட்டுக்குப் பின்னால் வந்து உட்கார்ந்துகொண்டார்.

கயிற்றில் மூன்று, எல்லாம் சரி. பிறகு 3,000 வரை நிரப்பினேன். மெதுவாகத்தான் நிரப்ப வேண்டும், வேகமாக விட்டால் குழாய் சூடாகும், ஆறியதும் முள் இறங்கும். காதுக்கு மூடி போட்டுக்கொண்டு, மேஜையில் மணல்மூட்டை வைத்து, 210 கிரெயின் (சுமார் 13.6 கிராம்) எடையில் நானே வார்த்த நீள ஈயக்குண்டை, அதாவது ஸ்லக்கைப் போட்டு, வேகமானி முன்னால் வைத்துச் சுட்டேன். நொடிக்கு 738 அடி. அடுத்தது 755. மூன்றாவது 760. அப்புறம் 741, 709.

ஏன் முதலில் ஏறி அப்புறம் இறங்குகிறது என்று மாப்பிள்ளை கேட்பார். அழுத்தம் நிறைய இருக்கும்போது அதுவே வால்வை அமுக்கிப் பிடித்துக்கொள்கிறது. உள்ளே இருக்கும் சுத்தியல் அடித்தாலும் கொஞ்சம்தான் திறக்கும். அழுத்தம் குறையக் குறைய வால்வு நன்றாகத் திறக்கும், அந்த இடத்தில் வேகம் உச்சம். அதற்கும் கீழே போனால் திறந்தும் பிரயோஜனமில்லை, காற்றில் பலம் இருக்காது. வேகத்தின் அந்த உச்சத்தையொட்டி எத்தனை குண்டு நிற்கிறது என்பதில்தான் செய்தவன் கைத்திறமை தெரியும். எனக்கு நான்கு நின்றது, நான்குக்குள் 22 அடிதான் வித்தியாசம். எனக்குப் பரம சந்தோஷம்.

மூன்றாவது குண்டின் சக்தி 269 அடி-பவுண்டு வருகிறது. எடை பெருக்கல் வேகத்தின் வர்க்கம், வகுத்தல் 450240, நீயும் போட்டுப் பார். டெக்ஸஸில் மான் வேட்டைக்குக் காற்றுத் துப்பாக்கி குறைந்தது 215 இருக்க வேண்டும் என்று விதி, ஐந்தாவது குண்டுகூட அதைத் தாண்டிவிட்டது. நான் மானைச் சுடப் போவதில்லை, அது உனக்குத் தெரியும். பண்ணை நண்பர் காட்டுப்பன்றி தோண்டிப் போட்ட வயலைக் காட்டினார், நம் ஆனைகட்டிப் பக்கம் வாழையைத் தோண்டிப் போடுமே, அதே கோலம்தான். இருந்தாலும் நான் சுட்டது தாளும் தண்ணீர்க் குடமும் மட்டும். ஐம்பது கஜத்தில் ஸ்லக் நான்கும் ஓர் எலுமிச்சம்பழம் மறைக்கிற இடத்துக்குள் விழுந்தது. உருண்டைக் குண்டு அவ்வளவு சேரவில்லை, தேங்காய் மூடி அகலம்.

அந்தத் தாளை இதோடு மடித்து வைத்திருக்கிறேன்.

ஊரில் உன் பெரியப்பா மகன், "சித்தப்பா, படம் அனுப்புங்க, நானும் இங்க செய்யறேன்" என்கிறான். கண்டிப்பாக முடியாது என்று சொல்லிவிட்டேன். நம் நாட்டில் 2016 ஆயுத விதிப்படி 4.5 மில்லிமீட்டருக்கு மேற்பட்ட வாய் என்றாலோ, 20 ஜூலுக்கு மேல் சக்தி என்றாலோ லைசென்ஸ் வேண்டும். இது 360 ஜூலுக்கு மேல். உன்னிடம் கேட்டால் நீயும் கொடுக்காதே. அவனுக்குச் சுட ஆசை என்றால் கிளப்பில் சேர்ந்து பத்து மீட்டர் சுடட்டும், அது அருமையான விளையாட்டு.

உப்பிப்போன பழைய குழாயை நீளவாக்கில் இரண்டாக அறுத்துவிட்டேன். மரை இழுபட்டிருப்பது உள்ளே பளிச்சென்று தெரிகிறது. ஒரு பாதி என் ஷெட்டில் லேத்துக்கு மேலே ஆணியில் தொங்குகிறது. இன்னொரு பாதியை உனக்குப் பார்சலில் போடுகிறேன், உன் ஆபீஸ் மேஜையில் வைத்துக்கொள்.

இப்போது ஒரு வேலை இருக்கிறது. வால்வுக்கு முன்னால், அழுத்தத்தை ஒரே அளவில் வைக்கும் ரெகுலேட்டர் ஒன்று வைத்தால் நான்கு குண்டு ஆறு ஆகும் என்று தோன்றுகிறது. அதற்கு முன்பக்கம் தனியாக ஒரு சின்ன அறை வேண்டும். பென்சிலில் வரைந்து இந்தக் கடிதத்தோடு வைத்திருக்கிறேன். சுவர்க்கனம் போடும் இடத்தைக் காலியாக விட்டிருக்கிறேன், நீ கணக்குப் போட்டு அந்த எண்ணை எழுதி அனுப்பு. அது வரும் வரைக்கும் கம்பியை லேத்தில் கட்ட மாட்டேன். அவசரமில்லை. முடிந்தால் ஞாயிற்றுக்கிழமை என் போனுக்கே கூப்பிட்டுச் சொல்.

அன்புடன்,
அப்பா

பி.கு.: பார்சலில் குழாயோடு உங்கம்மா கொள்ளுப்பொடியும் வைக்கிறாள். தனிப் பையில்தான் கட்டியிருக்கிறோம், இருந்தாலும் கிரீஸ் பட்டிருக்கிறதா என்று பார்த்துவிட்டுச் சாப்பிடு.