என் தம்பிக்குப் பயமே அந்தக் கைப்பேசிதான்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

மனநல மருத்துவத்தில் வந்திருக்கும் புதுமைகளைப் பற்றி உங்கள் சென்ற இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். "இனி மருத்துவர் உங்கள் கைப்பேசிக்குள்ளேயே இருப்பார்" என்று அதில் ஒரு வரி. எழுதியவர் நல்ல மனதோடுதான் எழுதியிருப்பார். ஆனாலும் அந்த வரிக்கு மேல் என்னால் படிக்க முடியவில்லை.

என் தம்பிக்கு 19 வருடமாக மனச்சிதைவு நோய். போனுக்குள் யாரோ இருந்துகொண்டு தன்னைக் கவனிக்கிறார்கள் என்பதுதான், நோய் கூடும்போது அவனுக்கு முதலில் வரும் பயம். இதுவரை மூன்று போனை அம்மிக்கல்லில் வைத்து உடைத்திருக்கிறான். அவனிடம் போய் டாக்டர் போனுக்குள் இருக்கிறார் என்று நான் எப்படிச் சொல்வது?

சொல்லியும் பார்த்தேன். கொரோனா சமயத்தில் நாங்கள் போய்க்கொண்டிருந்த தனியார் மருத்துவமனை வீடியோவுக்கு மாறியது. அப்போது வேறு வழியில்லை. 2020 மார்ச்சில் அரசே தொலைமருத்துவத்துக்கு நெறிமுறை வெளியிட்டது. ஆனால் எல்லாம் அடங்கிய பிறகும் எங்கள் மாதாந்திரப் பார்வை போனிலேயே நின்றுவிட்டது. ஒவ்வொரு முறையும் வேறு வேறு டாக்டர். போனை நீட்டினால் தம்பி துண்டால் முகத்தை மூடிக்கொள்வான். "கேமராவைக் கொஞ்சம் மேலே தூக்குங்கம்மா" என்பார் அந்தப் பக்கம் இருப்பவர். நான்கு நிமிடத்தில் பழைய மாத்திரையே சீட்டாக வந்துவிடும். அந்தச் சீட்டை எங்கள் ஊர் மருந்துக்கடையில் வாங்க மறுத்தது தனிக்கதை.

முன்பு அவனைப் பார்த்த பெரிய டாக்டர், "கதவு வரைக்கும் நடந்துட்டு வாப்பா" என்பார். கை வீசி நடக்கிறானா, விரல் நடுங்குகிறதா என்று பார்ப்பார். இந்த மருந்துகளால் உடம்பு விறைத்துப் போவதுண்டு, அது நடையில் தெரிந்துவிடும். சட்டைப் பொத்தான் மாறியிருந்தால் அவர் கண் என் பக்கம் திரும்பும். அப்புறம் வராந்தாவில் என்னிடம் தனியாகக் கேட்பார். போனில் முகம் மட்டும்தானே தெரிகிறது? எங்களுடையது ஒற்றை அறை வீடு. பக்கத்தில் அம்மா நிற்கிறாள். "நல்லா இருக்கேன் சார்" என்பதைத் தவிர அவன் வேறென்ன சொல்வான்? அப்படி அவன் சொன்ன ஒரு மாதத்தில் இரண்டு வாரமாக மாத்திரையைத் துப்பிக்கொண்டிருந்தான். அது யாருக்கும் தெரியவில்லை, அவனோடு ஒரே வீட்டில் இருக்கும் எனக்கும்கூட. அடுத்த மாதம் அவனைச் சேர்க்க இடம் தேடித் திருச்சியில் அலைந்தோம்.

இன்னொன்று. வீடியோவில் டாக்டரைப் பார்க்கச் செயலியில் பதிந்த வாரத்திலிருந்து, மன அழுத்தப் பயிற்சி வேண்டுமா என்று யார் யாரோ என்னைக் கூப்பிடுகிறார்கள். நோயாளியின் விவரம் ரகசியமாக இருக்க வேண்டும் என்று 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் 23ஆம் பிரிவிலேயே சொல்கிறது. உங்களுக்குத் தெரியாததல்ல. கட்டுரையில் அதைப் பற்றி ஒரு சொல்லாவது இருந்திருக்கலாம்.

தொழில்நுட்பமே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. எங்கள் புதுக்கோட்டை மாவட்டத்திலேயே மனநல மருத்துவர் சாரதா மேனன் அம்மா மனச்சிதைவு நோயாளிகளுக்காகத் தொடங்கிய ஸ்கார்ஃப் அமைப்பின் பேருந்து கிராமம் கிராமமாக வந்தது. உள்ளே திரையில் சென்னை டாக்டர் பேசுவார், மருந்தையும் அந்தப் பேருந்திலேயே கொடுப்பார்கள். ஊர் தெரிந்த பணியாளர் ஒருவர் கூடவே இருப்பார். திரை அங்கேயும் இருந்தது, ஆனால் நோயாளியின் பக்கத்தில் ஒரு ஆளும் இருந்தார். போன வருடம் ஒருநாள் இரவு இரண்டு மணிக்கு, தம்பி வாசலில் நின்று கத்திக்கொண்டிருந்தபோது, அரசின் மனநலத் தொலைபேசி உதவியான டெலிமானஸின் 14416 எண்ணைக் கூப்பிட்டேன். தமிழில் ஒரு பெண் பேசினார். என்னை முதலில் உட்காரச் சொன்னார். அந்தக் குரலை நான் மறக்க மாட்டேன். அந்த எண் 2022 அக்டோபரிலிருந்து இயங்குகிறது, காசு கிடையாது. உங்கள் நான்கு பக்கக் கட்டுரையில் காசு வாங்கும் செயலிகளின் பெயர்கள் இருந்தன. இந்த எண் இல்லை.

சரி, நான் கேட்பது இவ்வளவுதான். இனி மனநலம் பற்றி எதை வெளியிட்டாலும் அதன் கீழே 14416 என்று பெரிய எழுத்தில் போடுங்கள். என் அம்மாவுக்குக் கண்ணாடி இல்லாமல் தெரிகிற அளவுக்கு.

இப்படிக்கு,
ஒரு வாசகி, அறந்தாங்கி
(தம்பிக்காகப் பெயரை வெளியிட வேண்டாம்)