சண்டையை எளிதாக்குங்கள், துப்பை எங்களிடம் விடுங்கள்: துப்பறியும் கேம் உருவாக்குவோருக்கு ஒரு திறந்த மடல்

கதையுள்ள ஆக்‌ஷன் கேம்களையும் துப்பறியும் கேம்களையும் எழுதி, வடிவமைத்து, வெளியிடும் எல்லோருக்கும் வணக்கம்.

எனக்குக் கணக்கு எழுதும் வேலை. வீட்டுக்கு வந்து சாப்பிட்டு, பையனைத் தூங்க வைத்த பிறகு, இரவு பத்து மணிக்கு மேல் ஒரு மணி நேரம் கிடைக்கும். வாரத்தில் மூன்று நாள் அப்படிக் கிடைத்தால் அது நல்ல வாரம். அந்த நேரத்தில் நான் உட்காருவது நீங்கள் செய்த கேம்களோடுதான். கார் பந்தயம், கால்பந்து, ஆன்லைனில் சுட்டுக்கொள்வது எதிலும் எனக்கு நாட்டமில்லை. ஒரு கதை வேண்டும். அந்தக் கதைக்குள் ஒரு முடிச்சு இருந்து, அதை நானே அவிழ்க்க முடிந்தால் அன்றைக்குத் தூக்கம் நன்றாக வரும்.

என்னைப் போல ஓய்வு நேரத்தில் மட்டும் ஆடுபவர்களை நீங்கள் 'கேஷுவல் பிளேயர்' என்கிறீர்கள். எங்களுக்காக என்று சொல்லி நீங்கள் எடுக்கும் சில முடிவுகளைப் பற்றித்தான் எழுதுகிறேன். எங்களிடம் குறைவாக இருப்பவை நேரமும் விரல் வேகமும். அவ்வளவுதான். ஆனால் பல கேம்களில் சண்டை மணிக்கணக்கில் நீள்கிறது. துப்பறியும் இடம் வந்தால் மட்டும் குழந்தைக்குச் சோறு பிசைந்து ஊட்டுவதுபோல எல்லாவற்றையும் நீங்களே ஊட்டிவிடுகிறீர்கள். எனக்கு இது நேர்மாறாக வேண்டும்.

'எல்.ஏ. நுவார்' என்ற துப்பறியும் கேமிலிருந்து தொடங்குகிறேன், ஏனென்றால் எனக்கு மிகவும் பிடித்ததும் மிகவும் வருத்தம் தந்ததும் அதுதான். சிட்னியில் இருந்த டீம் பாண்டி என்ற நிறுவனம் உருவாக்கி, ராக்ஸ்டார் நிறுவனம் 2011-இல் வெளியிட்டது. 1947-ஆம் ஆண்டு லாஸ் ஏஞ்சல்ஸ், கோல் பெல்ப்ஸ் என்ற போலீஸ்காரர். நடிகர்களைச் சுற்றி 32 கேமராக்கள் வைத்து முகத்தைப் படம்பிடித்திருந்தார்கள். சாட்சி சொல்பவரின் கண் எந்தப் பக்கம் நழுவுகிறது, எச்சிலை விழுங்குகிறாரா, உதட்டைக் கடிக்கிறாரா என்று பார்த்து நாம் முடிவெடுக்க வேண்டும். அதுவரை சுடுவதற்கும் ஓடுவதற்கும் மட்டுமே பயன்பட்ட கன்ட்ரோலரைக் கையில் வைத்துக்கொண்டு ஒரு மனிதரின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தது எனக்குப் புது அனுபவம்.

அந்த கேம் ஒரு நல்ல காரியமும் செய்தது. துரத்தலிலோ துப்பாக்கிச் சண்டையிலோ மூன்று முறை தோற்றால், இந்தக் காட்சியைத் தாண்டிப் போகிறாயா என்று அதுவே கேட்கும். அதில் ஏளனம் எதுவும் இல்லை. தாண்டினேன், வழக்கு தொடர்ந்தது. இது போதும் எங்களுக்கு.

ஆனால் தடயம் தேடும் இடத்தில் பாருங்கள். பக்கத்தில் போனாலே ஒரு மணிச் சத்தம், கன்ட்ரோலரில் ஓர் அதிர்வு. அங்கே எடுக்க வேண்டியதையெல்லாம் எடுத்து முடித்ததும் பின்னணி இசை நின்றுவிடும். நான் முதல் சில வழக்குகளில் அறையைப் பார்க்கவே இல்லை. சுவரோரமாக நடந்தேன், மணி அடித்தால் பட்டனை அழுத்தினேன். அமைப்புகளுக்குள் போய் அதை அணைக்கலாம் என்று பிறகுதான் தெரிந்தது. அணைத்த பிறகுதான் அறைகள் அறைகளாகத் தெரிந்தன. மேசையில் என்ன இருக்கிறது, எந்தப் பாத்திரம் கழுவாமல் கிடக்கிறது என்று பார்க்கத் தொடங்கினேன். இப்படிப்பட்ட உதவிகளை முதலில் அணைத்து வையுங்கள். தேவைப்படுபவர் போட்டுக்கொள்ளட்டும்.

அதே கேமில் 'கோல்டன் பட்டர்ஃபிளை' என்று ஒரு வழக்கு. வெளியாகி இத்தனை வருடமாகிவிட்டதால் முடிவைச் சொல்வதில் தவறில்லை என்று நினைக்கிறேன். ஒரு பெண் கொலை செய்யப்பட்டிருக்கிறார். ஒரு விசாரணை அறையில் அவருடைய கணவர், இன்னொன்றில் சிறுமிகளிடம் தவறாக நடந்த பழைய குற்றவாளி. தடயங்கள் கணவரைக் காட்டுகின்றன. மேலதிகாரிக்கோ மற்றவனை உள்ளே தள்ள வேண்டும் என்று ஆசை. யார் மீது வழக்குப் போடுவது என்பது நம் கையில். இரண்டு அறைகளுக்கும் மாறி மாறிப் போய்வந்தேன். முந்தைய கொலைக்கும் இதற்கும் இருக்கும் ஒற்றுமை உறுத்திக்கொண்டே இருந்தது. இவர்கள் இருவருமே இல்லை, வெளியே வேறொருவன் இருக்கிறான் என்று எனக்குத் தோன்றியது. பிறகு கதை சொன்னதும் அதுதான்: வரிசையாகக் கொலை செய்த ஒருவன், தடயங்களைத் தானே மற்றவர்கள் வீட்டில் வைத்திருக்கிறான். 1947 ஜனவரியில் உண்மையாகவே நடந்து இன்றுவரை துலங்காத, 'பிளாக் டாலியா' என்று அழைக்கப்பட்ட ஒரு பெண்ணின் கொலையோடு அதை இணைத்திருந்தார்கள். அருமையான கற்பனை. பெல்ப்ஸும் அந்தச் சந்தேகத்தை வாய்விட்டுப் பேசுகிறார், மேலிடம் அவரை அடக்குகிறது.

ஆனால் அன்று இரவு என் கையில் இருந்தது இரண்டே வழிதான். 'இருவரும் இல்லை' என்று சொல்ல ஒரு பட்டன் இல்லை. அதை எழுதி வைக்கக்கூட ஓர் இடம் இல்லை. என் சந்தேகம் சரியாக இருந்தும் கேமுக்குள் அதற்கு எந்த வேலையும் இல்லை. நான் ஓர் அப்பாவியைத் தேர்ந்தெடுத்துச் சிறைக்கு அனுப்பிவிட்டுப் படுக்கப் போனேன். மேலதிகாரி கேட்க மறுத்திருந்தால் பரவாயில்லை, 1947-இல் அப்படித்தான் நடந்திருக்கும். நான் சொல்லியிருக்க வேண்டும், அவர் மறுத்திருக்க வேண்டும். அந்த ஒரு வாய்ப்பைக் கொடுத்திருந்தால் அந்தக் கதை எனக்கு இரண்டு மடங்கு வலித்திருக்கும்.

விசாரணையில் 'உண்மை, சந்தேகம், பொய்' என்று மூன்று தேர்வு இருந்தது. ஏதோ மறைக்கிறாரே என்று மென்மையாகக் கேட்கும் எண்ணத்தில் 'சந்தேகம்' அழுத்தினால், பெல்ப்ஸ் எதிரே இருப்பவரிடம் கத்துவார். 2017-இல் மறுபடி வெளியிட்டபோது அவற்றை 'நல்ல போலீஸ், கெட்ட போலீஸ், குற்றம் சாட்டு' என்று மாற்றினார்கள். சின்ன மாற்றம்தான், ஆனால் எதை அழுத்தினால் என்ன நடக்கும் என்பது அதன்பிறகுதான் புரிந்தது.

ஆக்‌ஷன் கேம்களில் துப்பறிதல் என்ற பெயரில் நடப்பது இன்னும் வருத்தம். பேட்மேன்: ஆர்க்கம் அசைலமை (2009) நான் ரசித்து ஆடினேன். அந்தத் தீவு, அந்த இருட்டு, ஜோக்கரின் குரல் எல்லாம் நன்றாக இருந்தன. பேட்மேன் துப்பறிவதில் கெட்டிக்காரர் என்றுதான் அவர் கதைகளில் காலம் காலமாகச் சொல்கிறார்கள். கேமில் அவர் செய்வது, ஒரு காவலாளி குடித்த மதுவின் வாடையைக் கருவியால் கண்டுபிடிப்பது. நான் செய்வது திரையில் மிதக்கும் கோட்டின் பின்னால் நடப்பது. அப்புறம் புகையிலையின் கோடு, அதன் பின்னாலும் நடப்பது. தி விட்சர் 3-லும் (2015) இதே கதைதான்: சிவப்பாக ஒளிரும் கால்தடத்தைத் தொடர்கிறேன், அதற்கு என்ன பொருள் என்று கதாநாயகன் கெரால்ட் தனக்குத்தானே சொல்லிக்கொள்கிறார். அதில் வரும் ப்ளடி பாரன் என்பவரின் குடும்பக் கதை மனதை உலுக்கும் எழுத்து. அந்த எழுத்தை எழுதியவர்களுக்கு, படிப்பவர் அதிலிருந்து தானாக ஒன்றை ஊகிப்பார் என்ற நம்பிக்கை ஏன் இல்லை?

புதிர் முன்னால் நின்று மூச்சு விடுவதற்குள் கூட வருபவர் விடையைச் சொல்லிவிடுவதும் இதே ரகம்தான். காட் ஆஃப் வார்: ராக்னராக்கில் (2022) பல இடங்களில் கூட வரும் கதாநாயகனின் மகனோ, மிமிர் என்ற துணையோ வாயைத் திறந்துவிடுவார்கள் என்று பயந்து அவசரமாக யோசித்தேன். சும்மா நின்று பார்த்துக்கொண்டிருப்பதும் விளையாட்டின் ஒரு பகுதிதான். கேட்டால் சொல்லட்டும்.

இப்போது நான் ஏன் இவ்வளவு உறுதியாகப் பேசுகிறேன் என்பதற்குக் காரணமான கேமுக்கு வருகிறேன். ரிட்டர்ன் ஆஃப் தி ஓப்ரா டின், 2018, லூகாஸ் போப் ஏறக்குறையத் தனியாளாகச் செய்தது. 1802-இல் லண்டனிலிருந்து புறப்பட்டுக் காணாமல் போன ஒரு கப்பல், 1807-இல் ஆளில்லாமல் திரும்பி வருகிறது. நாம் கிழக்கிந்தியக் கம்பெனி அனுப்பிய காப்பீட்டு ஆய்வாளர். கப்பலில் போனவர்கள் 60 பேர். ஒவ்வொருவரும் யார், என்ன ஆனார், யாரால் ஆனார் என்று ஒரு புத்தகத்தில் நிரப்ப வேண்டும். நம்மிடம் ஒரு கடிகாரம் இருக்கிறது. எலும்பின் பக்கத்தில் போய் அதைத் திறந்தால், அந்த மனிதர் இறந்த நொடி உறைந்த காட்சியாக நம்மைச் சுற்றி விரியும். கறுப்பு வெள்ளைப் புள்ளிகளால் மட்டும் வரைந்தது. விடையைக் காட்டிக்கொடுக்கும் கோடு இல்லை, மணிச் சத்தம் இல்லை.

மாலுமிகளின் பெயர்களைக் கண்டுபிடிக்க முடியாமல் ஒரு வாரம் சிக்கிக்கொண்டேன். எல்லோரும் ஒரே மாதிரி உடுப்பு, யாராவது யாரையாவது பெயர் சொல்லிக் கூப்பிடுவது அபூர்வம். ஒரு ஞாயிற்றுக்கிழமை மனைவி பக்கத்தில் உட்கார்ந்து துணி மடித்துக்கொண்டிருந்தாள். திரையில் மாலுமிகள் தூங்கும் அறை, வரிசையாகத் தொங்கும் துணிப்படுக்கைகள். "அந்தத் தூளியில எல்லாம் நம்பர் கட்டி வச்சிருக்கே, அது எதுக்குங்க?" என்று கேட்டாள். நான் அந்த அறையைப் பல முறை பார்த்திருந்தேன். புத்தகத்தைத் திறந்து பெயர்ப்பட்டியலைப் பார்த்தால், ஒவ்வொரு பெயருக்கும் முன்னால் ஓர் எண். மடித்த துணியை அப்படியே வைத்துவிட்டு அவள் என் பக்கத்தில் நகர்ந்து வந்தாள். அன்று பன்னிரண்டரை மணி வரை இருவரும் தூங்கவில்லை. இதற்கு முன் அவள் எந்த கேமையும் ஐந்து நிமிடம் பார்த்ததில்லை. அவளைவிட கேஷுவலான ஆள் உங்களுக்குக் கிடைக்கமாட்டார்.

அந்த கேமின் கெட்டிக்காரத்தனம் இன்னொன்று. ஒருவரைச் சரியாகக் கண்டுபிடித்ததும் 'சரி' என்று சொல்லாது. மூன்று பேரின் கதி சரியானால்தான் மூன்றையும் சேர்த்து உறுதி செய்யும். அதனால் குருட்டாம்போக்கில் பெயரை மாற்றி மாற்றிப் போட்டுத் தப்பிக்க முடியாது. அதே நேரம் அறுபதையும் முடிக்கும் வரை இருட்டில் தவிக்கவும் வேண்டாம். பேச்சின் சாயலை வைத்து ஊரைக் கண்டுபிடிக்கலாம், பச்சை குத்தியதை வைத்து, காலணியை வைத்துக் கண்டுபிடிக்கலாம். பட்டியலில் இந்திய மாலுமிகளும் இருக்கிறார்கள். அந்தக் காலத்துக் கம்பெனிக் கப்பலில் அவர்கள் இல்லாமல் இருந்தால்தான் ஆச்சரியம். ஒரு குறையும் சொல்ல வேண்டும். ஒரு காட்சியை மறுபடி பார்க்க அந்த எலும்பு கிடக்கும் தளம் வரை ஒவ்வொரு முறையும் நடந்தாக வேண்டும். ஒரு மணி நேரம் மட்டும் உள்ளவருக்கு அந்த நடை கொஞ்சம் அதிகம். யோசிக்க வைப்பது வேறு, காக்க வைப்பது வேறு.

தவறு செய்ய விடுவதைப் பற்றியும் சொல்ல வேண்டும். உக்ரைனின் ஃப்ராக்வேர்ஸ் நிறுவனம் உருவாக்கி 2014-இல் வெளிவந்த ஷெர்லாக் ஹோம்ஸ்: கிரைம்ஸ் அண்ட் பனிஷ்மென்ட்ஸில் ஆறு வழக்குகள். கிடைத்த துப்புகளை நாம் கோத்து ஒரு முடிவுக்கு வரலாம், அது தப்பாகவும் இருக்கலாம். தப்பான ஆளைப் பிடித்தாலும் கதை நின்றுவிடாது. வழக்கு முடிந்ததும், நீ செய்தது சரியா என்று தெரிந்துகொள்ள வேண்டுமா என்று நம்மையே கேட்கும். ஒரு வழக்கில் வேண்டாம் என்று விட்டுவிட்டேன். அந்த மனிதர் குற்றவாளிதானா என்று பஸ்ஸில் போகும்போது இன்னமும் சில நாள் நினைத்துக்கொள்கிறேன்.

ஹர் ஸ்டோரியில் (2015) ஒரே ஒரு தேடல் பெட்டிதான். 1994-இல் பதிவான போலீஸ் விசாரணை வீடியோக்களில் ஒரு சொல்லைத் தேடினால், அந்தச் சொல் வரும் துண்டுகளில் முதல் ஐந்து மட்டும் கிடைக்கும். எந்தச் சொல்லைத் தேடுவது என்பதுதான் மொத்த விளையாட்டும். பையனின் பழைய கணக்கு நோட்டில் நான்கு பக்கம் எழுதினேன். சுடவில்லை, ஓடவில்லை, ஓர் இடத்திலும் விரல் வேகம் தேவைப்படவில்லை.

மொழியைப் பற்றியும் ஒரு வார்த்தை. நான் ஆடிய இந்த கேம்கள் எதிலும் தமிழ் எழுத்து இல்லை. ஆங்கிலம் எனக்குப் படிக்க வரும், ஆனால் அந்த மொழியிலேயே பிறந்து வளர்ந்தவர் படிக்கும் வேகத்தில் வராது. ஹெவி ரெய்னில் (2010) பாத்திரம் பதற்றமாக இருக்கும்போது, தேர்ந்தெடுக்க வேண்டிய சொற்கள் தலையைச் சுற்றி ஆடிக்கொண்டே போகும். அந்தப் பதற்றத்தை உணரவைக்கும் நல்ல யோசனைதான் அது. ஆனால் நான் சொல்லைப் படித்து முடிப்பதற்குள் நேரம் போய்விட்டது. மகனைத் தேடும் ஒரு தகப்பன் நான் நினைக்காத ஒன்றைச் சொன்னார். பேச்சில் நேரக்கெடு வைத்தால், அதை நீட்டிக்கொள்ள ஒரு வழி வையுங்கள். எழுத்தைப் பெரிதாக்கவும் ஒரு வழி வேண்டும். துப்பு எழுத்தில்தான் இருக்கிறது என்றால், அதைப் படிக்க முடிவது சலுகையாகக் கூடாது.

அப்புறம், பத்து நாள் கழித்துத் திரும்பி வருபவரை நினைத்துப் பாருங்கள். மார்ச் மாதக் கணக்கு முடிக்கும் சமயத்தில் நான் மூன்று வாரம் கன்ட்ரோலரைத் தொட முடியாது. திரும்பி வந்தால் யார் யாருக்கு மாமன் என்பதே மறந்துபோயிருக்கும். ஆலன் வேக் (2010) தொலைக்காட்சித் தொடர்போல அத்தியாயமாகப் பிரித்து, ஒவ்வொன்றின் தொடக்கத்திலும் முன்கதையைச் சுருக்கமாகக் காட்டியது. அது ஏன் எல்லோருக்கும் வழக்கமாகவில்லை என்று தெரியவில்லை. நடந்ததை நினைவுபடுத்துங்கள், அதிலிருந்து என்ன புரிகிறது என்பதை மட்டும் சொல்லாதீர்கள்.

உங்களிடம் பணமும் திறமையும் நிறைய இருக்கின்றன. நடிகரின் முகத்தில் 32 கேமரா வைத்தவர்கள் நீங்கள். ஒரு சண்டைக் காட்சிக்குச் செலவிடும் உழைப்பில் கொஞ்சத்தை எடுத்து, ஆடுபவர் தப்பாகவோ சரியாகவோ தானே ஒரு முடிவுக்கு வந்தால் கதை எப்படிப் போகும் என்று எழுதுவதற்குக் கொடுங்கள். அடுத்த முறை இரண்டு சந்தேக நபர்களை இரண்டு அறைகளில் உட்கார வைக்கும்போது, மூன்றாவதாக ஒரு பட்டன் வையுங்கள்.

ஓப்ரா டின்னில் எங்களுக்கு இன்னும் ஆறு பேர் பாக்கி. இந்த ஞாயிறு உட்காரப் போகிறோம். நோட்டுப் புத்தகம் மனைவியிடம் இருக்கிறது.

அன்புடன்,
இரவு பத்து மணிக்கு மேல் ஆடும் ஒருவன்