மேகசினைக் கழற்றினால் மட்டும் போதாது

ஆசிரியருக்கு வணக்கம்.

வீட்டிலேயே டம்மி தோட்டா (மருந்தில்லாத போலித் தோட்டா) வைத்துக் கைத்துப்பாக்கிப் பயிற்சி செய்வது பற்றி உங்கள் இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். நல்ல கட்டுரைதான். ஆனால் தோட்டாக்களை அடுக்கிச் செருகும் பெட்டியைச் சொல்லி, 'மேகசினைக் கழற்றிவிட்டுத் தொடங்கலாம்' என்று ஒரே வரியில் தாண்டிப் போய்விட்டீர்களே, அங்கேதான் எனக்கு வயிற்றைக் கலக்கியது. மேகசினைக் கழற்றினாலும் சேம்பரில், அதாவது குழலின் பின்முனையில் தோட்டா உட்காரும் அறையில், ஒரு தோட்டா இருக்கலாம். முதலில் மேகசினைக் கழற்ற வேண்டும், அதற்குப் பிறகுதான் துப்பாக்கியின் மேலே முன்னும் பின்னும் நகரும் ஸ்லைடை இழுக்க வேண்டும். வரிசையை மாற்றி முதலில் ஸ்லைடை இழுத்தால் உள்ளே இருந்த தோட்டா வெளியே விழும், நாமும் 'சரி, காலி' என்று நினைப்போம், ஆனால் ஸ்லைடு திரும்பிப் போகிற போக்கில் மேகசினிலிருந்து அடுத்த தோட்டாவை உள்ளே தள்ளியிருக்கும், அப்புறம் மேகசினைக் கழற்றி என்ன பயன்? ஸ்லைடைப் பின்னால் நிறுத்திப் பூட்டி, கண்ணால் பார்த்து, சுண்டுவிரலை விட்டுத் தடவியும் பார்க்க வேண்டும். பட்டப்பகலிலும் நான் தடவாமல் விடுவதில்லை.

அடுத்து, டம்மியைப் 'பார்த்தாலே தெரியும்' என்று எழுதியிருந்தீர்கள். சிவப்பு பிளாஸ்டிக் டம்மி என்றால் தெரியும். பித்தளையில் செய்தது அச்சு அசல் உண்மைத் தோட்டா மாதிரியே இருக்கும். 2021 அக்டோபரில் நியூ மெக்சிகோவில் ஒரு படப்பிடிப்புத் தளத்தில் ஒளிப்பதிவாளர் ஹலினா ஹட்சின்ஸ் இறந்தாரே, டம்மி மட்டுமே இருக்க வேண்டிய துப்பாக்கியில் உண்மைத் தோட்டா ஒன்று இருந்ததால்தான். சினிமா டம்மிகளில் சிலவற்றுக்குள் சின்ன உலோகக் குண்டு இருக்கும், காதருகே வைத்து ஆட்டினால் கலகலவென்று சத்தம் வரும், சிலவற்றில் பக்கவாட்டில் துளை போட்டிருப்பார்கள். ஒவ்வொன்றையும் எடுத்து ஆட்டிப் பார்க்க ஆள் வேண்டுமே. வீட்டில் பயிற்சி செய்பவருக்கு அந்த வம்பே வேண்டாம்: பளிச்சென்ற நிறத்தில் டம்மி வாங்குங்கள், உண்மைத் தோட்டாவை வேறு அறையில் பூட்டி வையுங்கள், இரண்டையும் ஒரே பெட்டியில் போடாதீர்கள்.

நானே ஒருமுறை தப்பித்தவன்தான். பயிற்சி முடிந்து உண்மைத் தோட்டா நிரம்பிய மேகசினைப் போட்டு வைத்துவிட்டேன். சுவரில் ஒட்டியிருந்த காகிதக் குறி கண்ணில் பட்டது, 'இன்னும் ஒரே ஒரு தடவை' என்று கை போய்விட்டது. தூக்கியதும் கனம் இடித்தது. பதினைந்து 9 மி.மீ. தோட்டாக்கள் சுமார் 180 கிராம் வரும், அதுவரை கையில் ஆடிக்கொண்டிருந்த துப்பாக்கி திடீரென்று கல் மாதிரி இருந்தது. விரலை விசையில் வைக்கவில்லை, அவ்வளவுதான். அன்றிலிருந்து பயிற்சி முடிந்ததும் முதல் வேலை அந்தக் காகிதத்தைக் கிழித்து எடுப்பது, 'முடிந்தது' என்று வாய்விட்டுச் சொல்வது. வீட்டில் சிரிக்கிறார்கள், சிரிக்கட்டும்.

சுவரைப் பற்றியும் கட்டுரையில் ஒரு வார்த்தை இல்லை. குறியை ஒட்டும் இடம் தோட்டாவைத் தாங்கும் கான்கிரீட் சுவராக இருக்க வேண்டும். பலகைத் தடுப்புக்குப் பின்னால் யாராவது தூங்கிக்கொண்டிருப்பார்கள், 9 மி.மீ. தோட்டா அதைத் துளைத்துக்கொண்டு போய்விடும்.

மற்றபடி பயிற்சியின் பலனை நீங்கள் குறைத்தே சொல்லியிருக்கிறீர்கள். குறிபார்க்கக் குழல் முனைக்கு மேலே இருக்கும் முன்குறிமுனையின் மேல் ஒரு நாணயத்தை வைத்து, அது விழாமல் விசையை அழுத்திப் பாருங்கள், விரல் எவ்வளவு வெடுக்கென்று இழுக்கிறது என்று புரியும். சுடுதளத்திலும் நண்பரை விட்டு மேகசினில் ஒன்றிரண்டு டம்மியைக் கலந்து போடச் சொன்னால் போதும், டம்மி வரும்போது வெடிக்காது, ஆனால் குழல் முனை மட்டும் கீழே குனியும். சத்தத்துக்குப் பயந்து நாம் முன்கூட்டியே தள்ளுகிறோம் என்பது அப்போது அப்பட்டமாகத் தெரிந்துவிடும். .22 ரிம்ஃபயர் (தோட்டாவின் அடி விளிம்பில் ஊசி அடித்து வெடிக்கும் வகை) துப்பாக்கி வைத்திருப்பவர்கள் மட்டும் டம்மி இல்லாமல் வெறுமனே விசையை அழுத்த வேண்டாம், பல துப்பாக்கிகளில் ஊசி சேம்பர் விளிம்பில் மோதி இரண்டும் கெட்டுப்போகும்.

அந்த மேகசின் வரிக்கு மட்டும் அடுத்த இதழில் ஒரு திருத்தம் போடுங்கள், சின்ன எழுத்தில் வந்தாலும் பரவாயில்லை.

இப்படிக்கு,
ஒரு வாசகர்