அக்டோபரில் வரும் அண்ணாவுக்கு

லியோன்

அன்புள்ள அண்ணா,

இங்கு நலம். அம்மாவின் மூட்டுவலி குறைந்ததா? விசா வந்துவிட்டதாக அண்ணி சொன்னார்கள். ஆகஸ்டில் வராமல் அக்டோபரில் வருவது நல்லதாயிற்று. ஆகஸ்டில் பாதிச் சமையல்காரர்கள் கடையைப் பூட்டிக்கொண்டு விடுமுறைக்குப் போய்விடுவார்கள்.

எங்கே சாப்பிடலாம் என்று கேட்டிருந்தீர்கள். இந்தப் பிரெஞ்சு ஊரில் முதலில் கிழமையையும் நேரத்தையும் பார்க்க வேண்டும், கடைப் பெயரெல்லாம் அப்புறம்தான். மதியச் சாப்பாடு 12 மணிக்குத் தொடங்கும். ஒன்றரைக்கு மேல் போய் நின்றால் பல இடங்களில் அடுப்பு அணைந்திருக்கும். இரவில் ஏழு, ஏழரைக்கு முன் கதவு திறக்காது. நடுவில் பசித்தால் பேக்கரிதான். சின்னக் கடைகளில் பல சனி, ஞாயிறு மூடியிருக்கும், சில திங்களும் சேர்த்து. ஆகவே நல்ல சாப்பாட்டைச் செவ்வாய் முதல் வெள்ளிக்குள் ஒரு மதியத்தில் வைத்துக்கொள்வோம். மதியத்தில் 'ப்லா து ஜூர்' என்று கரும்பலகையில் எழுதியிருப்பது அன்றைக்குச் சந்தையில் கிடைத்ததை வைத்துச் சமைத்தது. இரவைவிட விலையும் குறைவு.

புஷோன் என்பது லியோனின் பழைய சிறு சாப்பாட்டுக் கடை. மெர்சியேர் தெருவிலும் பழைய லியோனின் சான் ழான் தெருவிலும் வரிசையாக எல்லோரும் அந்தப் பெயரை மாட்டி வைத்திருப்பார்கள். வாசலில் படம் போட்ட நீள மெனு இருந்தால் தாண்டிப் போய்விடுங்கள். ஒரு ஆள் நின்று திரும்பும் அடுக்களையில் நாற்பது வகையைப் புதிதாகச் சமைக்க முடியாது. பாதி உறைபெட்டியிலிருந்துதான் வரும். வணிகச் சங்கமும் சுற்றுலா அலுவலகமும் சேர்ந்து 2012-இல் 'லே புஷோன் லியோனே' என்று ஒரு முத்திரை கொண்டுவந்தன. அந்தப் பலகை கதவருகே இருந்தால் நம்பிப் போகலாம். ஓபரா பக்கம் லெ கரே, கஃபே தே ஃபெதெராசியோன் இரண்டும் ஓதெல் த வில் மெட்ரோவிலிருந்து நடக்கும் தூரம்தான். மேசைகள் குறைவு என்பதால் முன்கூட்டியே போன் செய்து சொல்லிவைக்க வேண்டும்.

உங்களுக்குத்தான் இந்த ஊர், அண்ணா. மதுரையில் குடலும் சுவரொட்டியும் தேடிச் சாப்பிட்ட நாக்குக்கு இங்கே குறை இருக்காது. 'தப்லியே த ஸப்பேர்' கேளுங்கள்: மாட்டு இரைப்பையை மணிக்கணக்கில் வேகவைத்து, வெள்ளை வைனில் ஊறவைத்து, ரொட்டித்தூள் புரட்டி வாணலியில் பொரிப்பது. மேலே மொறுமொறுப்பாகவும் உள்ளே கத்தி வழுக்கிக்கொண்டு இறங்கும்படியும் இருக்க வேண்டும். ரப்பர் போல இழுத்தால் வேகவைக்கும்போது அவசரப்பட்டிருக்கிறார்கள். 'ஆந்துயெத்' குடலை அடைத்த சாஸேஜ், கடுகுச் சாறு ஊற்றி வரும். அதன் வாடை பலமாக இருக்கும், அண்ணிக்குப் பக்கத்தில் வைத்துச் சாப்பிட வேண்டாம்.

அண்ணி மாடும் பன்றியும் தொடமாட்டார்கள் என்பதால், வினிகரில் சமைத்த கோழியும் கெனெலும் போதும். கெனெல் என்பது பைக் என்னும் ஆற்று மீனின் சதையை மாவு, வெண்ணெய், முட்டையோடு அரைத்து, நீள உருண்டையாக்கித் தண்ணீரில் வேகவைத்து, பிறகு நன்னீர் இறால் வகையில் செய்த நாந்துவா சாறு ஊற்றி ஓவனில் வைப்பது. ஓவனுக்குள் அது தட்டின் விளிம்புக்கு மேலே உப்பி, தலை லேசாகச் சிவந்து வரும். மேசைக்கு வந்த சில நிமிடத்தில் அமுங்கத் தொடங்கும், உடனே சாப்பிட வேண்டும். மாவு அதிகமானால் உப்பாது, களிபோல வாயில் ஒட்டும். ஓவனில் வேகவே இருபது நிமிடம் ஆகும். கேட்ட ஐந்தாவது நிமிடத்தில் வந்துவிட்டால் முன்னமே செய்து வைத்ததைச் சூடாக்கியிருக்கிறார்கள். சலாட் லியோனேஸ் வாங்கினால் 'சான் லார்தோன்' என்று சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் பன்றிக்கொழுப்புத் துண்டுகள் மேலே கிடக்கும்.

அம்மா சைவம், அவர் விஷயம்தான் சிரமம். காய்கறி சூப்பிலும் இறைச்சிச் சாறு இருக்கலாம். 'செர்வெல் த கனு' என்பது வெங்காயம், பூண்டு, பச்சிலைகள் அடித்த புதுப் பாலாடைக்கட்டி. வேகவைத்த உருளைக்கிழங்கோடு நன்றாக இருக்கும். ஆனால் பாலைத் திரிக்கக் கன்றின் இரைப்பையிலிருந்து எடுத்த உறையைச் சேர்ப்பது இங்கே வழக்கம். அம்மாவிடம் இதை மறைக்காமல் சொல்லிவிடுங்கள். ஒத்துக்கொள்ளாவிட்டால் மதியம் வீட்டில் சாப்பிட வைத்துக் கூட்டிப்போவோம், கடையில் இனிப்பு மட்டும் வாங்கித் தரலாம்.

ஞாயிறு காலையில் லஃபாயெத் சாலையிலுள்ள போல் போக்யூஸ் சந்தைக்குப் போவோம். 1971-இல் திறந்த கூரையிட்ட சந்தை அது. திங்களில் பெரும்பாலான கடைகள் மூடியிருக்கும். சான் மார்செலின் பாலாடைக்கட்டியைக் கடைக்காரரிடம் இன்றைக்கா நாளைக்கா சாப்பிடப் போகிறோம் என்று சொல்லி வாங்க வேண்டும். அதற்கேற்ற பக்குவத்தில் எடுத்துத் தருவார். ஞாயிறு இரவுக்குப் பெராஷ் நிலையத்தருகே 1836-இல் தொடங்கிய ப்ராஸ்ரி ஜார்ஜ் இருக்கிறது, பெரிய கூடம், வாரம் முழுதும் திறந்திருக்கும்.

கொஞ்சம் பணம் சேர்த்து வந்தால் ரூவாயால் தெருவில் மேர் ப்ராசியேயில் ஒரு மதியம் உட்கார வேண்டும் என்று எனக்கு ஆசை. எஜெனி ப்ராசியே 1921-இல் திறந்த இடம். 1933-இல் அவருடைய இரண்டு கடைகளுக்கும் மிஷ்லான் உணவக வழிகாட்டியின் மும்மூன்று நட்சத்திரம் கிடைத்தது. சந்தைக்குப் பெயர் தந்த பெரிய சமையல்காரர் போக்யூஸே அவரிடம் வேலை கற்றவர். வீட்டுவேலையில் சமையல் பழகிய பெண்கள்தான் இந்த ஊருக்குப் பெயர் வாங்கித் தந்தார்கள், அதைப் பலரும் சொல்வதில்லை.

இன்னும் சில: உள்ளே போனதும் 'போன்ழூர்' சொல்லி, உட்காரச் சொல்லும்வரை நில்லுங்கள். 'கராஃப் தோ' என்று கேட்டால் குழாய்த் தண்ணீர் இலவசம். வெறுமனே தண்ணீர் என்றால் பாட்டில் வந்து பில்லில் ஏறும். ரொட்டிக்குக் காசில்லை. சேவைக் கட்டணம் விலையிலேயே அடங்கியது, டிப்ஸ் கட்டாயமில்லை. 'ஆந்த்ரே' என்றால் முதல் தட்டு. அதுவே பெரிதாக வரும், ஆகவே மூன்று தட்டுக்குப் பதில் இரண்டு போதும்.

டிக்கெட் உறுதியானதும் தேதியை எழுதுங்கள். புதன் மதியம் 12 மணிக்கு நால்வருக்கு மேசை சொல்லிவைக்கிறேன்.

அன்புடன்,
உங்கள் தங்கை