நர்சிங் கல்லூரி ஆராய்ச்சி வழிகாட்டிகளுக்கு ஓர் அரசுப் பள்ளி ஆசிரியையின் திறந்த மடல்

மதிப்பிற்குரிய பேராசிரியர்களுக்கு, வணக்கம்.

எம்.எஸ்சி. நர்சிங் மாணவிகளின் ஆய்வேட்டுத் தலைப்புக்குக் கையெழுத்துப் போடுகிறவர்கள் நீங்கள். அந்த ஏடுகளில் 'தேர்ந்தெடுக்கப்பட்ட பள்ளி' என்று பெயரில்லாமல் வருமே, அப்படிப்பட்ட ஒரு பள்ளியில் அறிவியல் ஆசிரியை நான். வாராவாரம் நீல நிற இரும்புச்சத்து மாத்திரை கொடுக்கும் பொறுப்பும் என் தலையில்தான். சுற்றி வளைக்காமல் கேட்டுவிடுகிறேன்: வளரிளம் பெண்களுக்கு ரத்தசோகை பற்றி என்ன தெரியும் என்று அளந்துகொண்டே இருப்பதை எப்போது நிறுத்துவீர்கள்?

வழக்கம் உங்களுக்கே தெரியும். முதல் நாள் ஒரு கேள்வித்தாள், அப்புறம் சார்ட் மாட்டி முக்கால் மணி நேர வகுப்பு, ஏழாம் நாள் அதே கேள்வித்தாள். மதிப்பெண் ஏறியிருக்கும். விடையைச் சொல்லிக்கொடுத்துவிட்டு அதே கேள்வியைக் கேட்டால் ஏறாமல் என்ன செய்யும்? முன்னும் பின்னும் வந்த மதிப்பெண்ணை ஒப்பிட டி-டெஸ்ட் என்ற புள்ளியியல் கணக்கைப் போட்டு, பெண்டர் மாடல், இமோஜீன் கிங் கோட்பாடு என்று ஏதாவது ஒரு நர்சிங் கோட்பாட்டைப் படமாக வரைந்து வைத்து, பைண்டிங் செய்து கொடுத்தால் முடிந்தது. அடுத்த வருஷம் இன்னொரு மாணவி வருவார், ரத்தசோகைக்குப் பதில் மாதவிடாய் சுகாதாரம். வருகிற மாணவிகளை நான் குறை சொல்லவில்லை. பஸ் மாறி வந்து, எங்கள் பிள்ளைகளிடம் அக்கா மாதிரி உட்கார்ந்து பேசுகிறார்கள், எங்களிடம் கேட்கக் கூச்சப்படுவதைப் பிள்ளைகள் அவர்களிடம் கேட்டுவிடுகிறார்கள். அந்த நெருக்கத்தை ஒரே வாரத்தில் மூட்டை கட்டச் சொல்வது நீங்கள்தான்.

முருங்கைக்கீரையில் இரும்புச்சத்து இருப்பது எட்டாம் வகுப்புப் பிள்ளைக்குத் தெரியும். மாத்திரையை ஏன் சுவர் ஓரம் எறிகிறாள் என்பதுதான் கேள்வி. காலையில் சாப்பிடாமல் வந்தவளுக்குக் குமட்டுகிறது, வயிற்றை வலிக்கிறது. மலம் கறுப்பாகப் போவதைப் பார்த்துப் பயந்து அம்மாவே வேண்டாம் என்கிறார். இரும்பும் ஃபோலிக் அமிலமும் உள்ள இந்த மாத்திரை நாடு முழுக்கப் பள்ளிகளுக்கு வந்து பத்து வருஷம் தாண்டிவிட்டது. ஆனால் 2015-16 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பில் 15 முதல் 19 வயதுப் பெண்களில் 54 சதவீதமாக இருந்த ரத்தசோகை, 2019-21 கணக்கெடுப்பில் 59 ஆகியிருக்கிறது. விரல் நுனி ரத்தத்தில் அளந்ததால் கூடுதலாகக் காட்டுகிறது என்று வாதம் உண்டு, இருக்கட்டும். குறைந்துவிட்டது என்று யாரும் சொல்லவில்லையே. 2023 மார்ச்சில் ஊட்டியில் ஒரு நகராட்சிப் பள்ளியில் பிள்ளைகள் போட்டி போட்டுக்கொண்டு இதே மாத்திரைகளை விழுங்கினார்கள், ஒரு சிறுமி இறந்தே போனாள். மாத்திரை யார் கையில் இருக்கிறது, எங்கே பூட்டி வைக்கிறார்கள், கொடுத்ததை எதிரிலேயே விழுங்க வைக்கிறார்களா, இதையெல்லாம் நின்று பார்த்து எழுத நர்ஸை விடப் பொருத்தமானவர் யார்?

இன்னொன்று. 2022 செப்டம்பர் 15 அன்று மதுரையில் தொடங்கிய காலை உணவுத் திட்டம் ஐந்தாம் வகுப்போடு முடிகிறது. ஆறாம் வகுப்புக்கு வருகிற பிள்ளை, உடம்பு வளரத் தொடங்குகிற அதே நேரத்தில், காலைச் சாப்பாட்டை இழக்கிறது. பத்தாம் வகுப்பு வரை மதியம் சத்துணவு உண்டு, பதினொன்றில் அதுவும் கிடையாது. இந்த இரண்டு இடங்களிலும் எடை, ஹீமோகுளோபின், வருகைப் பதிவு மூன்றும் எப்படி மாறுகின்றன என்று ஒரே பிள்ளைகளை இரண்டு வருஷம் பின்தொடர்ந்து பாருங்களேன். ஒரு மாணவியால் முடியாதுதான். அதனால்தான் உங்களுக்கு எழுதுகிறேன், ஒரு பேட்ச் விட்ட இடத்திலிருந்து அடுத்த பேட்ச் தொடரட்டும். வண்டியில் வந்து பரிசோதிக்கும் சிறார் நலக் குழு கண், பல், இதயம் என்று சீட்டு எழுதிக் கொடுத்துவிட்டுப் போகிறதே, அந்தச் சீட்டோடு எத்தனை பிள்ளைகள் பெரியாஸ்பத்திரி வரை போய்ச் சேர்ந்தார்கள் என்பதும் ஒரு நல்ல தலைப்பு.

இப்போது, எனக்கு உண்மையிலேயே கோபம் வரும் விஷயம். மனச்சோர்வு பற்றியும் ஆய்வுகள் வருகின்றன, வரட்டும். மனச்சோர்வை அளக்கும் கேள்வித்தாள் பெக் அளவுகோல் ஆனாலும் பி.ஹெச்.க்யூ-9 ஆனாலும் ஒன்பதாவது கேள்வி சாக வேண்டும் என்ற எண்ணம் பற்றியது. பெயர் எழுத வேண்டாம் என்று சொல்லி அந்தத் தாளை வாங்கிக்கொண்டு போகிறீர்கள், கணினியில் ஏற்றுவது சில வாரம் கழித்து. நடுவில் ஒரு பிள்ளை அந்தக் கட்டத்தில் டிக் அடித்திருந்தால்? ஏதோ ஒரு தாளில் மூன்று மதிப்பெண் என்று அந்த விடை சதவீதத்தில் சேர்ந்துவிடும், ஆள் மட்டும் எங்கள் வகுப்பில் பின் பெஞ்சில் இருப்பாள். தாளை அன்றைக்கே பள்ளியை விட்டுப் போவதற்கு முன் படிக்க வேண்டும். எண் போட்ட உறையில் பெயரைத் தனியாக வைத்திருந்து, தேவைப்பட்டால் பிரிக்க வேண்டும், இதைப் பிள்ளையிடமும் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். யாரிடம் அனுப்புவது என்பதும் முன்பே முடிவாகியிருக்க வேண்டும். இது எதுவும் இல்லாத ஆய்வுக்கு நெறிமுறைக் குழு எப்படி அனுமதி தருகிறது? ஏழு வயதுக்கு மேல் பிள்ளையின் சம்மதத்தையும் தனியாகக் கேட்க வேண்டும் என்று இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் (ஐ.சி.எம்.ஆர்.) 2017 வழிகாட்டுதல் சொல்கிறது. என் மேசைக்கு வருவது தலைமையாசிரியருக்கான அனுமதிக் கடிதம் மட்டும்தான்.

உங்கள் துறைக்கு இதெல்லாம் புதிதில்லை. 1902இல் நியூயார்க்கில் லினா ராஜர்ஸ் என்ற நர்ஸை நான்கு பள்ளிகளுக்கு அனுப்பினார்கள். சொறி, சிரங்கு, கண்நோய் என்று வீட்டுக்குத் திருப்பி அனுப்பப்பட்ட பிள்ளைகளைத் தேடிப் போய் மருந்து போட்டார், தாய்மார்களிடம் பேசினார். வேலை மற்ற பள்ளிகளுக்கும் பரவி, ஒரு வருஷத்தில் நகரத்தில் அப்படி விலக்கி வைக்கப்பட்டவர்கள் எண்ணிக்கை ஏறக்குறைய பத்தில் ஒன்றாகக் குறைந்தது. அங்கே பார்த்தது மதிப்பெண்ணை அல்ல, எத்தனை பிள்ளைகள் பெஞ்சில் உட்கார முடிந்தது என்பதை.

சரி, கேட்பது அதிகமில்லை. ஏழு நாளில் முடியும் அறிவு அளக்கும் தலைப்புகளைத் திருப்பி அனுப்புங்கள். ஆய்வு முடிந்ததும் ஒரே ஒரு பக்கம், தமிழில், எங்கள் பள்ளிக்கு அனுப்பச் சொல்லுங்கள், பெற்றோர் கூட்டத்தில் நானே வாசிக்கிறேன். ஜூனில் பள்ளி திறந்ததும் மாணவிகளை அனுப்பினால் கேள்வித்தாள் அச்சடிப்பதற்கு முன்பே வரச் சொல்லுங்கள், எதைக் கேட்பது என்று சேர்ந்து யோசிக்கலாம். சத்துணவு அமைப்பாளர் அக்காவையும் கூட உட்கார வைப்போம், தட்டை எடுக்காமல் போகிற பிள்ளைகள் யார் யார் என்று அவருக்குத்தான் தெரியும்.

இப்படிக்கு,
மாத்திரை கொடுக்கும் டீச்சர்